ஸூம் இல்லாத லென்ஸும், பேசாலை வாடிகளும், எங்கள் பணிய லயமும்

கெனன் 50 எம்எம் எஃப் 1.8 எஸ்டிஎம் லென்ஸ் ஒன்றைக் கண்டியில் பழைய கெமரா விற்கும் கடையொன்றில் வாங்கி ஒன்றரை வருசமாகிறது. புதுசின் விலையில் பாதிக்குக் கொஞ்சம் மேலே கொடுத்தேன். வாங்கியது கல்யாண வீட்டுக்கும் சடங்கு வீட்டுக்கும்தான். நான் ஹட்டன் பக்கம் ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன், சனி ஞாயிறில் படம் எடுப்பேன், அதில் வருகிற காசு வீட்டுச் செலவுக்கு உதவும். இந்த லென்ஸைப் பற்றி எல்லாரும் சொல்வதுதான் எனக்கும் முதலில் நடந்தது: பொண்ணு முகம் பளிச்சென்று வரும், பின்னால் இருக்கிற வாழைமரம், பந்தல், குழாய் லைட் எல்லாம் கரைந்து போகும், பார்க்கிறவர்கள் "அண்ணே, சினிமா மாதிரி இருக்கு" என்பார்கள். அவ்வளவுதான். லென்ஸின் துவாரம் முழுதாகத் திறந்திருக்கும் எண் எஃப் 1.8, ஆறு மாதம் அதை விட்டு வேறு எண்ணுக்கு நான் திருப்பவே இல்லை, முகத்துக்கான லென்ஸ் என்று முடிவு கட்டி வைத்திருந்தேன்.

போன ஆகஸ்டில் அந்த முடிவு மாறியது. அதைச் சொல்லத்தான் இவ்வளவும். அதற்கு முன் சாமானைப் பற்றி.

இந்த எஸ்டிஎம் வகை (ஃபோகஸ் பிடிக்கும் மோட்டாரின் பெயர் அது) 2015-இல் வந்தது. எடை 160 கிராம் அளவு, சட்டைப் பைக்குள் போட்டால் பை கொஞ்சம் தொங்கும், அவ்வளவுதான். இதற்கு முந்தியது 1990-இல் வந்த இரண்டாவது வகை, கெமராவில் மாட்டுகிற வளையம்கூட அதில் பிளாஸ்டிக்தான். இதில் அந்த வளையம் உலோகம். உள்ளே திறந்து மூடும் இதழ்கள் முந்தியதில் ஐந்து, இதில் ஏழு, அதனால் பின்னால் மங்கலாக வரும் விளக்குகள் ஐங்கோணமாக இல்லாமல் கொஞ்சம் உருண்டையாக வரும். 35 சென்டிமீட்டர் வரை கிட்டப் போகலாம். கை நடுக்கத்தைத் தாங்கும் வசதி கிடையாது. மழைக்கும் மண்ணுக்கும் அடைப்புக் கிடையாது. ஸூம் கிடையாது.

ஸூம் கிடையாது என்பதை நம்ம வீடுகளில், தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகக் குடியிருக்கிற லயத்தில், வைத்து யோசித்துப் பாருங்கள். என்னிடம் இருப்பது கெனன் 1300டி கெமரா, அதன் சென்சார் சின்னது, அதனால் இந்த 50 அதில் 80 எம்எம் மாதிரி நடந்துகொள்ளும், அதாவது இன்னும் குறுகலாகத்தான் பார்க்கும். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா, அதாவது லயத்து அறை. மாப்பிள்ளை, பொண்ணு, இரண்டு பக்கத்து அம்மா அப்பா, நடுவில் குத்துவிளக்கு. முதுகு சுவரோடு ஒட்டியபின் பின்னால் போக இடமில்லை, இஸ்தோப்புக்கு (முன் திண்ணைக்கு) இறங்கிக் கதவு வழியாக எடுத்தாலும் மாமியாரின் பாதி உடம்பு வெளியே நிற்கும். ஒரு கல்யாணத்தில் தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரை வரை பின்னால் போய்ச் சறுக்கி விழுந்தேன். படம் இருக்கிறது, ஆனால் அதில் வானம்தான் இருக்கிறது.

பழசு வாங்குகிறவர்களுக்கு ஒன்று. கடைக்காரர் "கண்ணாடி சுத்தம் தம்பி" என்று துடைத்துக் கொடுத்தார், நானும் நம்பி வாங்கி வந்து வீட்டில் போனின் டோர்ச்சை அடித்துப் பார்த்தால் ஓரத்தில் சிலந்தி வலை மாதிரி மெல்லிய இழை ஒன்று. பூஞ்சணம். கடைப் பெயர் வேண்டாம், ஒரு மனிதர் கவனிக்காமல் விட்டிருக்கலாம். படத்தில் அது தெரியாது, ஆனால் நம்ம குளிருக்கும் ஈரத்துக்கும் அது வளரும். வாங்குமுன் லென்ஸின் பின்பக்கம் வெளிச்சத்தை அடித்து முன்பக்கமாகச் சரித்துச் சரித்துப் பாருங்கள், கடை வெளிச்சத்தில் ஒன்றும் தெரியாது.

சரி, ஆகஸ்ட்.

பேராதனையில் கூடப் படித்த நண்பனுக்குப் பேசாலையில் கல்யாணம். மன்னார்த் தீவில் உள்ள மீன்பிடி ஊர். ஹட்டனிலிருந்து கண்டி, மாத்தளை, தம்புள்ளை, அநுராதபுரம், மதவாச்சி என்று போய்க்கொண்டே இருக்க வேண்டும், போதாததற்கு மடு மாதா கோயில் திருவிழா நேரம், பஸ்ஸில் நிற்கவும் இடமில்லை. புறப்படுவதற்கு முதல் நாள் தம்பி முறையான பையன் ஒருவன் வந்து கெமராவோடு வந்த 18-55 ஸூம் லென்ஸை ஒரு வேலைக்கென்று கேட்டு வாங்கிப் போய்விட்டான். (இன்னும் வரவில்லை.) அதனால் கையில் இருந்தது இந்த ஐம்பது மட்டும். கடலை ஐம்பதில் எடுத்து என்ன செய்வது என்று கடுப்போடுதான் போனேன்.

முதல் நாள் எடுத்த கடல் படங்களை அழித்துவிட்டேன். மேலே நீலம், கீழே நீலம், நடுவில் ஒரு கோடு. மலையில் பிறந்து வளர்ந்தவனுக்குக் கடலை எப்படிப் பார்ப்பதென்றே தெரியவில்லை, கண்ணுக்கு முட்ட ஒன்றுமில்லை. நம்ம ஊரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு மலை வந்து முட்டும், மலைக்கு முன்னால் தேயிலை, தேயிலைக்கு முன்னால் சவுக்கு மரம், மரத்துக்கு முன்னால் யாரோ ஒருவரின் கொடித் துணி. படம் எடுத்தால் எல்லாமும் சேர்ந்துதான் வரும்.

இரண்டாம் நாள் கல்யாண வேலைக்கு நடுவில் ஒரு மணித்தியாலம் கிடைத்தது. கரையில் வாடிகள் இருந்தன. மீனவர்கள் வலையும் கருவாடும் வைக்கிற கொட்டில்கள், கிடுகுக் கூரை, பனையோலைத் தட்டி, வரிசையாக ஏழெட்டு. அதை முழுதாகப் பிடிக்கலாமென்று கெமராவைத் தூக்கினால் இரண்டரை வாடிதான் உள்ளே வந்தது. பின்னால் போனேன். மணல் சமதரை, தடுக்க ஒன்றுமில்லை, போய்க்கொண்டே இருந்தேன். கணுக்காலுக்குத் தண்ணீர் வந்தபோது ஏழும் உள்ளே வந்துவிட்டன, மேலே வெள்ளை வானம், கீழே வெள்ளை மணல், நடுவில் அந்த ஏழு. அப்போதுதான் பார்க்கிறேன், ஏழும் ஏழு விதம். ஒன்று காற்றுப் பக்கம் சாய்ந்திருக்கிறது, ஒன்றுக்குக் கதவாகப் பழைய வள்ளத்தின் பலகை, இன்னொன்றின் கூரை உச்சியில் கிடுகு பறக்காமலிருக்க வலையைப் போர்த்தி ஓரத்தில் கல் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். காலையில் அதே வாடிகளுக்குள் போய்த் தேத்தண்ணி குடித்தவன்தான் நான். ஒன்றையும் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு பைத்தியம் பிடித்த மாதிரி. உயரக் கால் வைத்த தண்ணீர்த் தாங்கி ஒன்று. ஆளில்லாத பஸ் தரிப்பிடம். கடலைப் பார்த்து நிற்கும் மாதா சுருவத்தின் சின்னக் கண்ணாடிக் கூடு, அதன் பின்னால் உப்புக் காற்றில் பெயிண்ட் உரிந்த சுவர். எல்லாவற்றையும் நேராக, நடுவில் வைத்து, துவாரத்தைச் சுருக்கி எஃப் 8-இல். இந்த லென்ஸை எஃப் 5.6-க்கும் 8-க்கும் கொண்டுபோனால் மூலைவரை கூராக இருக்கிறது, பனையோலையின் ஒவ்வொரு நரம்பும் எண்ணலாம். இத்தனை மாதமாக இதைக் கையில் வைத்துக்கொண்டு பின்புலத்தை அழிக்கிற வேலையை மட்டும் வாங்கியிருக்கிறேன்.

மூன்றாம் நாள் தலைமன்னார் பழைய இறங்குதுறை. துருப்பிடித்த தூண்கள் தண்ணீருக்குள் நிற்கின்றன. ஒரு தூணை மட்டும் எடுத்துக்கொண்டிருந்தேன், சைக்கிளில் வந்த பெரியவர் ஒருவர் காலை ஊன்றி நின்று கொஞ்ச நேரம் பார்த்தார்.

"உந்த இரும்புத் தூணில என்ன இருக்கெண்டு படமெடுக்கிறீங்க தம்பி? அங்கால வெளிச்சவீடு வடிவா நிக்குதே."

"சும்மாதாங்க ஐயா. எங்க ஆளுங்க இதுலதான் வந்து எறங்குனாங்களாம்."

"எங்கத்த ஆக்கள்?"

"ஹட்டன் பக்கம்ங்க. தோட்டம்."

அவர் ஒன்றும் சொல்லவில்லை, சைக்கிளை மதிலில் சாத்திவிட்டுத் தூணுக்குப் பக்கத்தில் மிதந்த பிளாஸ்டிக் போத்தலைக் கம்பால் தள்ளிவிட்டார். படத்துக்கு இடைஞ்சலாம்.

1914-இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் கப்பல் ஓடத் தொடங்கியது, அதற்கு முந்திய காலத்தில் தோட்ட வேலைக்கென்று தமிழ்நாட்டிலிருந்து தோணியில் மன்னார்க் கரைக்கு வந்து மாத்தளை வரை காட்டுவழி நடந்தவர்களின் கதையை எல்லாத் தோட்டத்திலும் கேட்கலாம். எங்கள் அம்மாயியின் (அம்மாவைப் பெற்றவரின்) அம்மா கப்பலில் வந்தவர். 1964 அக்டோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், இங்கிருந்த இந்திய வம்சாவளியினரில் 525,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்வதென்று, அதே வருசம் டிசம்பரில் புயல் வந்து தனுஷ்கோடி அழிந்தது, பிறகு இராமேஸ்வரத்துக்கு ஓடிய கப்பலில் இதே கரையிலிருந்துதான் நம்மவர்களை ஏற்றி அனுப்பினார்கள். எங்கள் பெரிய தாத்தா குடும்பம் அப்படிப் போய் நீலகிரியில் கூடலூர்ப் பக்கம் இருக்கிறது. இதையெல்லாம் படத்தில் கொண்டுவர முடியுமா என்றால் முடியாது. படத்தில் இருப்பது ஒரு தூணும் அதில் ஒட்டியிருக்கிற சிப்பிகளும், தண்ணீர் ஏறி இறங்கின அடையாளமாக ஒரு கறுப்புக் கோடும்தான். எனக்கு அது போதும் என்று தோன்றியது, வெளிச்சவீட்டின் முன்னால் செல்ஃபி எடுத்திருந்தால் அந்தக் கோட்டைப் பார்த்திருக்க மாட்டேன்.

இப்படிச் சாதாரணக் கட்டடங்களை நேராக நின்று எடுப்பதில் பேர் பெற்றவர்கள் ஜெர்மனியின் பெர்ன்ட், ஹில்லா பெக்கர் தம்பதி. 1959-இலிருந்து பல பத்து வருசம் தண்ணீர்த் தாங்கி, சுரங்கக் கோபுரம், இரும்பு உருக்கும் உலை இவைதான் அவர்களுக்குப் படம். மேகம் மூடிய நாளாகப் பார்த்து, நிழல் விழாமல், ஏணி வைத்தாவது கட்டடத்தின் பாதி உயரத்துக்கு ஏறி நின்று எடுப்பார்கள், பிறகு ஒரே வகைக் கட்டடங்களைப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்குவார்கள். 1990-இல் வெனிஸ் கலைவிழாவில் இவர்களுக்குப் பரிசு கொடுத்தது புகைப்படத்துக்கு இல்லை, சிற்பத்துக்கு. பேசாலையில் நான் செய்தது எந்த விதத்திலும் அதுக்கு ஈடில்லை, ஆனால் மேகம் மூடிய நாள், பாதி உயரம் என்று வாசித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. இந்த இரண்டையும் தேடி அவர்கள் அலைந்திருக்கிறார்கள். நம்ம ஊரில் இரண்டும் சும்மா கிடக்கிறது.

வீட்டுக்கு வந்து படங்களை அம்மாயியிடம் காட்டினேன். தூண் படத்தைப் பார்த்து அவர் அழுவார் என்று நினைத்திருந்தேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த முகத்தை எடுக்கக் கெமராவையும் பக்கத்தில் வைத்திருந்தேன். தூணைத் தள்ளிவிட்டு அடுத்ததுக்குப் போய்விட்டார். வாடிகள் படத்தில்தான் நின்றார்.

"எந்தத் தோட்டத்து லயம்டா இது? தகரம் போடாம ஓலையில கெடக்கு?"

கடற்கரை அம்மாயி, கருவாடு போடுற எடம் என்றேன். நம்பவில்லை. வரிசையாத்தானே இருக்கு, ஒரே கூரையாத்தானே இருக்கு என்றார்.

இரண்டு நாள் அந்தக் கேள்வி மண்டைக்குள் ஓடியது. எங்கள் பணிய லயத்தை (கீழ்ப்பக்க லயத்தை) நான் ஒரு தடவைகூட எடுத்ததில்லை. கல்யாணப் படங்களில் அது பின்னால் இருக்கும், மங்கலாக, அதற்குத்தானே இந்த லென்ஸை வாங்கினேன். தேமோதரையின் ஒன்பது வளைவுப் பாலத்தை மட்டும் நானூறு படம் வைத்திருக்கிறேன், 1921-இல் கட்டியது, அழகுதான், இல்லையென்று சொல்லவில்லை, ஆனால் அதை எடுக்க ஆளுக்குப் பஞ்சமில்லை.

லயத்தை எடுக்கப் போனால் மறுபடியும் அதே இடக் கஷ்டம். கணக்குப் பார்த்தேன்: இந்தக் கெமராவில் இந்த லென்ஸ், நூறு அடி நீள லயம் முழுதாக உள்ளே வர வேண்டுமென்றால் ஏறக்குறைய 225 அடி பின்னால் நிற்க வேண்டும். பேசாலையில் மணலில் நடந்து போகலாம். இங்கே லயத்து வாசலில் இருந்து இருபது அடியில் சரிவு தொடங்கிவிடும், அதற்குக் கீழே ஆறு. பின்னால் போக வழியில்லை என்று திரும்பினவன்தான் எதிர் மலையைப் பார்த்தேன். ஏழாம் நம்பர் மலை, அம்மா கொழுந்து பறிக்கிற மலை. ஆற்றைக் கடந்து அந்தப் பக்கம் ஏறி, தேயிலைக்கு நடுவில், லயத்தின் கூரை கண் மட்டத்துக்கு வரும்வரை ஏறினேன். அங்கே நின்றால் கெமராவை மேலேயும் தூக்க வேண்டாம், கீழேயும் சாய்க்க வேண்டாம், சுவரெல்லாம் நிமிர்ந்து நிற்கிறது. அட்டை இரண்டு காலிலும் ஏறிவிட்டது, அது வேறு கதை.

லயம் கோச்சிப் பெட்டி (ரயில் பெட்டி) மாதிரி இருந்தது. முப்பது வருசமாக அங்கே குடியிருந்தும் எனக்குத் தெரியாத ஒன்று: ஒவ்வொரு குடும்பமும் தங்கள் காம்பராவின் எல்லை வரைக்கும்தான் பெயிண்ட் அடித்திருக்கிறது. ஒரே நீளச் சுவர், ஆனால் நீலம் ஓரிடத்தில் நூல் பிடித்த மாதிரி நின்று ரோஸ் தொடங்குகிறது, ரோஸ் நின்று வெறும் சுண்ணாம்பு, பிறகு பச்சை. கூரையிலும் அப்படியே, கையில் காசு வந்தவன் தன் தலைக்கு மேலே மட்டும் புதுத் தகரம் போட்டிருக்கிறான், பக்கத்தில் துரு. தகரம் காற்றில் தூக்காமலிருக்கக் கல்லும் பழைய டயரும். பேசாலையில் வலையில் கட்டித் தொங்கவிட்டிருந்த கல் ஞாபகத்துக்கு வந்தது.

அன்றைக்குப் பின்னால் மலையும் மரமும் சேர்ந்து படத்தைக் குழப்பியது. நாலாவது தடவை போனபோது மூடுபனி இறங்கியது, லயத்துக்குப் பின்னால் இருந்த மலை, மாடசாமி கோயில் மரம், ஸ்டோர்க் (தேயிலைத் தொழிற்சாலை) கூரை எல்லாம் ஐந்து நிமிசத்தில் இல்லை. லயம் மட்டும் தனியாக வெள்ளையில். பேசாலையில் கடல் செய்த வேலையை இங்கே பனி செய்கிறது, அவ்வளவுதான், ஆனால் அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு தடவை மன்னார் போய்வர வேண்டியிருந்தது.

பனியில் எடுப்பவர்களுக்கு இரண்டு விஷயம். கெமரா அந்த வெள்ளையைப் பார்த்துவிட்டு வெளிச்சம் அதிகமென்று குறைத்துவிடும், படம் சாம்பலாக வரும், அதனால் ஒரு ஸ்டொப், அதாவது இரண்டு மடங்கு வெளிச்சம், கூட்டி வையுங்கள், வெயிலடிக்கும் மணலிலும் அப்படித்தான். பனி கெட்டியாக இருந்தால் ஃபோகஸ் பிடிக்க அழுத்தமான கோடு எதுவும் கிடைக்காமல் லென்ஸ் முன்னும் பின்னும் போய்த் தவிக்கும், எந்த லென்ஸும் தவிக்கும், கதவுச் சட்டம் மாதிரி ஒரு கறுப்பு ஓரத்தைக் காட்டினால் பிடித்துக்கொள்ளும். கையால் திருப்பலாம், ஆனால் இதில் வளையம் நேரடியாகக் கண்ணாடியைத் தள்ளுவதில்லை, மோட்டார்தான் தள்ளும், கெமரா நிறுத்தியிருந்தால் வளையம் சும்மா சுற்றும். கை நடுக்கம் படத்தில் வராமலிருக்க ஷட்டர் வேகத்தில் 125-இல் ஒரு பங்கு செக்கனுக்குக் கீழே போகாதீர்கள்.

எஃப் 1.8-இல் படம் கொஞ்சம் மென்மையாக இருக்கிறதென்று குறை சொல்கிறவர்கள் பொகவந்தலாவைக்கு ஒரு தடவை போய்வரலாம். அங்கே சென் மேரி தேவாலயத்து இடுகாட்டில்தான் ஜூலியா மார்கரெட் கெமரன் அம்மையாரைப் புதைத்திருக்கிறார்கள். 48 வயதில் கெமரா பிடித்து, மங்கலாக எடுக்கிறாளே என்று இங்கிலாந்தில் திட்டு வாங்கி, 1875-இல் இலங்கைக்கு வந்து களுத்துறையில் கடலோரம் இருந்துகொண்டு இங்குள்ள ஆட்களையும் படம் எடுத்தவர், 1879-இல் டிக்கோயாப் பக்கம் இறந்தார். நம்ம பஸ் அந்த வழியாகத்தான் போகிறது, இறங்கிப் பார்த்தவர்கள் எத்தனை பேரோ.

பராமரிப்பு. கடலிலிருந்து வந்த அன்றைக்கே லேசாக நனைத்த துணியால் லென்ஸின் வெளிப்பக்கத்தைத் துடைத்துவிட்டுக் காயவிட்டேன், உப்பு நின்றால் உலோகத்தைத் தின்னும். ஃபோகஸ் செய்யும்போது இதன் முன் குழாய் வெளியே நீளும், அப்படியே பைக்குள் திணித்தால் அடிபடும், கெமராவை நிறுத்துமுன் உள்ளே இழுத்துவிடுங்கள். மணல் காற்றுக்கு 49 எம்எம் கண்ணாடி ஒன்று முன்னால் மாட்டியிருந்தேன், அதில் விழுந்த கீறலைப் பார்த்தபிறகு அந்தக் காசுக்கு வருத்தமில்லை. மலையில் வைத்திருப்பவர்கள் தோல் பையில் போட்டு அலுமாரியில் பூட்டாதீர்கள், பூஞ்சணத்துக்கு அதைவிட நல்ல வீடு கிடையாது. காற்றுப் புகாத சாப்பாட்டுப் பெட்டி, உள்ளே சிலிக்கா மணிகள், நிறம் மாறினால் சட்டியில் லேசாகச் சூடாக்கித் திரும்பப் போடலாம். நான் வாங்கும்போது இருந்த அந்த இழை இன்னும் அதே அளவில்தான் நிற்கிறது.

வாங்கலாமா என்றால், கல்யாண வீட்டுக்கு இது ஒன்றை மட்டும் நம்பிப் போகாதீர்கள், பீலிக்கரையில் விழுவீர்கள். ஒரு ஸூம் லென்ஸ் கூட இருக்க வேண்டும். ஆனால் கையில் கொஞ்சம் காசும், நடக்கக் காலும், அட்டைக்கு உப்புப் பொட்டலமும் இருந்தால் இந்த விலைக்கு இதைவிட நல்லது எனக்குத் தெரிந்து இல்லை.

லயப் படத்தைப் பெரிதாகக் கழுவி இஸ்தோப்பில் மாட்டினேன். எல்லாரும் வந்து அவரவர் கதவைத் தேடினார்கள். அந்த வெறும் சுண்ணாம்புச் சுவர்க் காம்பரா அக்காவுக்கு மட்டும் கோபம், "எங்க வீடு மட்டும் ஏன்டா இப்படி வெளிறிப் போய் நிக்குது" என்று கேட்டுவிட்டு ஹட்டனுக்குப் போய் மஞ்சள் பெயிண்ட் வாங்கி வந்துவிட்டார், அடித்த பிறகு திரும்ப எடுக்கணுமாம். மூன்று வாரமாக டின் திறக்கப்படாமல் இருக்கிறது. அவர் வெயிலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், மஞ்சள் காய்ந்த பிறகு எனக்குப் பனி வேண்டும்.